அப்பாவுக்குப் பார்க்கின்சன், தாவர ப்ரோபயாடிக் கொடுக்கலாமா?

செவ்வந்தி:

வணக்கம் எல்லோருக்கும். அப்பாவுக்கு 67 வயது, பார்க்கின்சன் என்று உறுதியாகி நாலு வருடம் ஆகிறது. லெவோடோபா-கார்பிடோபா நாலு வேளை, கூடவே ரசாஜிலின் ஒன்று. கை நடுக்கம் ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது. அவரைப் பாடாய்ப் படுத்துவது வயிறுதான். மூன்று நாள், சில சமயம் நாலு நாள்கூட மலம் போகாமல் வயிறு உப்பிக் கிடப்பார். அந்த நாட்களில் காலை மாத்திரையைப் போட்டு ஒரு மணி நேரம் ஆன பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது, எழுந்தாலும் கால் நகராது, மாத்திரை உள்ளே போனதா இல்லையா என்றே எங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

உறவுக்காரர் ஒருவர் "நூறு சதவீதம் தாவர ப்ரோபயாடிக்" என்று எழுதிய டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு கேப்சூலில் 50 பில்லியன் உயிருள்ள பாக்டீரியாவாம். குடலைச் சரிசெய்தால் மூளை தானாகத் தேறிவிடும், இந்த நோயே குடலில்தான் தொடங்குகிறது என்று வேறு அடித்துச் சொல்கிறார். அப்பா பால் பொருள் எதையும் தொடமாட்டார் என்பதால் தயிரெல்லாம் எங்களுக்கு ஒத்துவராது, அதனால் இது சரியாக இருக்குமோ என்று எனக்கும் ஒரு ஆசை. ஆனால் அப்பா "இதைச் சாப்பிட்டால் மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார், அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆய்வகவாசி:

வணக்கம் செவ்வந்தி. நான் மருத்துவர் இல்லை, நுண்ணுயிரியல் படித்து அதே துறையில் வேலை செய்பவன். முதலில் மாத்திரை விஷயம்: குறைக்கவே கூடாது. எந்த ப்ரோபயாடிக்கும் லெவோடோபாவுக்கு மாற்று இல்லை, திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். அப்பாவிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

குடலில்தான் தொடங்குகிறது என்பது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த நோயை முதன்முதலாக விவரித்தபோதே நோயாளிகளின் மலச்சிக்கலையும் குறிப்பிட்டிருக்கிறார். ஹவாயில் 6,790 ஆண்களை 24 ஆண்டுகள் வரை கவனித்து 2001-ல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஒரு முறைகூட மலம் கழிக்காதவர்களுக்கு, தினமும் ஒரு முறை போகிறவர்களைவிட 2.7 மடங்கு அதிகமாகப் பார்க்கின்சன் வந்தது தெரிந்தது. நடுக்கம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே குடல் மந்தமாகிவிடுகிறது. 2003-ல் ஹைக்கோ பிராக் என்ற ஜெர்மானிய உடற்கூறியலாளர், ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதம் குடல் நரம்புகளில் தப்பாக மடிந்து, குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்கு ஏறுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். 2019-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எலிகளின் குடல் சுவரில் அந்தப் புரதத்தின் தவறான வடிவத்தை ஊசியால் செலுத்தினார்கள், அது மெல்ல மூளைக்குப் போனது. வேகஸ் நரம்பை வெட்டிவிட்ட எலிகளில் போகவில்லை.

ஆனால் எல்லா நோயாளிகளுக்கும் இதே பாதை இல்லை. டென்மார்க்கின் பெர் போர்ஹாமர் குழுவினர், சிலருக்கு உடலில் தொடங்கி மூளைக்குப் போகிறது, சிலருக்கு மூளையில் தொடங்கி உடலுக்கு வருகிறது என்று இரண்டு பாதைகளைச் சொல்கிறார்கள். இன்னொன்று, உங்கள் உறவினர் மாதிரி ஆட்கள் யோசிக்காமல் விட்டுவிடுவது இதைத்தான்: நோய் குடலில் தொடங்கியதாகவே வைத்துக்கொள்வோம், அது நடந்தது பத்து இருபது வருடத்துக்கு முன்னால். இன்றைக்கு மூளையில் செத்துப்போன, அசைவுக்குத் தேவையான டோபமைனைச் சுரக்கும் செல்களைக் குடலைச் சரிசெய்து திரும்பக் கொண்டுவர முடியாது.

அப்புறம் அந்த டப்பா. தாவரம் என்று போட்டிருந்தால் எந்த அர்த்தத்தில் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஜெலட்டினுக்குப் பதில் செல்லுலோஸில் கேப்சூல் ஓடு செய்திருப்பார்கள், அல்லது பாக்டீரியாவைப் பால் கலக்காத ஊடகத்தில் வளர்த்திருப்பார்கள், அல்லது அந்த பாக்டீரியாவே தாவரத்திலிருந்து பிரித்தெடுத்ததாக இருக்கும். முதல் இரண்டும் உங்கள் அப்பா பால் தொடமாட்டார் என்பதற்கு உதவும், மற்றபடி நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூன்றாவதற்கு நல்ல உதாரணம் லாக்டிபிளாண்டிபேசில்லஸ் பிளாண்டாரம் பிஎஸ்128, தைவானில் புளிக்கவைத்த கடுகுக் கீரையிலிருந்து எடுத்தது. 2021-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் 25 பார்க்கின்சன் நோயாளிகளுக்கு 12 வாரம் கொடுத்தார்கள், அசைவு மதிப்பெண்கள் கொஞ்சம் தேறின. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்த குழுவே இல்லை. பார்க்கின்சனில் வெற்று மாத்திரைக்கே நல்ல பலன் தெரியும், எதிர்பார்ப்பே மூளையில் டோபமைனைச் சுரக்கவைக்கிறது. அதனால் அந்த 25 பேரை நம்பி நான் எதுவும் சொல்லமாட்டேன்.

நான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் 490 பார்க்கின்சன் நோயாளிகளையும் 234 நோயில்லாதவர்களையும் ஒப்பிட்டு 2022-ல் ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார்கள். நோயாளிகளின் குடலில் பிஃபிடோபாக்டீரியமும் லாக்டோபேசில்லஸ் வகைகளும் குறையவில்லை, கூடியிருந்தன! குறைந்திருந்தவை நார்ச்சத்தைத் தின்று பியூட்டிரேட் என்ற குறுங்கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்கும் ரோஸ்பூரியா, ஃபீகாலிபாக்டீரியம் போன்றவை. கடையில் கிடைக்கும் கேப்சூல்களில் பெரும்பாலும் இருப்பது முதல் கூட்டம்தான். ஏற்கெனவே கூடுதலாக இருப்பதையே 50 பில்லியன் கணக்கில் கொட்டுகிறோம், காணாமல்போனதைக் கொடுக்கவில்லை. அதனால் கெடுதல் என்று அர்த்தமில்லை, "குறையை நிரப்புகிறோம்" என்ற விளம்பரம் பொருந்தாது என்றுதான் அர்த்தம்.

மல்லி:

செவ்வந்தி, என் அம்மாவுக்குப் பார்க்கின்சன் வந்து பல வருடம், நீங்கள் எழுதியிருக்கும் காலை நேரம் எனக்கு அப்படியே தெரியும். மேலே அவர் சொன்ன ஆராய்ச்சியெல்லாம் சரி, நான் வீட்டுப் பக்கத்தைச் சொல்கிறேன்.

மாத்திரை வேலை செய்யவில்லை என்று நீங்கள் நினைக்கும் நாட்களில் பெரும்பாலும் அது வயிற்றிலேயே உட்கார்ந்திருக்கும். லெவோடோபா சிறுகுடலில்தான் உறிஞ்சப்படும், இரைப்பை காலியாகாமல் மந்தமாக இருந்தால் அங்கே போய்ச் சேரவே நேரமாகும். மலச்சிக்கல் உள்ள நாளில் எங்கள் அம்மாவுக்கும் மருந்து பிடிக்க இரண்டு மடங்கு நேரம் ஆகும். அதோடு, சாப்பாட்டில் உள்ள புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். பருப்பும் சோயாவும் தாவரம்தான், ஆனால் அவையும் புரதம்தான். பால் வேண்டாம் என்று சோயாவுக்கு மாறினவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நரம்பியல் மருத்துவர் சொன்னபடி சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் வெறும் வயிற்றில், முழு டம்ளர் தண்ணீரோடு கொடுக்கத் தொடங்கியதும்தான் அம்மாவுக்கு வித்தியாசம் தெரிந்தது. குமட்டல் வருகிறது என்றால் புரதமில்லாத ஏதாவது கொஞ்சம் கொடுக்கலாம்.

மலச்சிக்கலுக்கு மருத்துவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். மேக்ரோகால் என்ற பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள், அது குடலில் தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குகிறது. பார்க்கின்சன் மலச்சிக்கலுக்கு இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். எத்தனை வீடுகளில் கேப்சூலுக்கு அலைகிறார்கள், இந்தப் பொடியைப் பற்றி யாரும் சொல்வதில்லை, எனக்கு அதுதான் ஆத்திரம். காலை சாப்பிட்ட அரை மணிக்குள் குடல் தானாக அசையும், அந்த நேரத்தில் தவறாமல் கழிப்பறையில் உட்காரவையுங்கள், காலுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டூல் போட்டு முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி. அவசரப்படுத்தாதீர்கள்.

இசப்கோல் போன்ற உமி கொடுப்பதாக இருந்தால் கவனம். அப்பாவுக்கு விழுங்குவதில் சிரமம் உண்டா? தண்ணீர் குடிக்கும்போது இருமுவாரா, புரை ஏறுமா? அப்படியென்றால் அந்த உமி தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளலாம். விழுங்குவதில் சிரமம் இல்லாதவர்களுக்கும் தண்ணீர் குறைந்தால் அது மலத்தை இன்னும் இறுக்கிவிடும்.

அரசமரம்:

எல்லோரும் ஒரேயடியாக ப்ரோபயாடிக்கை மட்டம் தட்டுவது போல இருக்கிறது. என் கணவருக்கு அல்சைமர். ஈரானில் 60 அல்சைமர் நோயாளிகளுக்கு 12 வாரம் ப்ரோபயாடிக் கொடுத்து நினைவாற்றல் மதிப்பெண் கூடியதாக 2016-ல் வந்த ஆய்வை நான் படித்தேன், அதில் வெற்று மாத்திரை மாதிரி சாதாரணப் பால் கொடுத்த குழுவும் இருந்தது. மருத்துவர்கள் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லும் நோயில் இப்படி ஒன்று கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளத்தானே தோன்றும்? செவ்வந்தியின் உறவுக்காரரும் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார். விலைக்கு விற்கிறார்கள் என்பதாலேயே அது பொய்யாகிவிடாது.

ஆய்வகவாசி:

அரசமரம் அம்மா, நீங்கள் சொல்லும் ஆய்வு உண்மைதான், நானும் படித்திருக்கிறேன். அதே நாட்டில் 2018-ல் 48 நோயாளிகளை வைத்து இன்னொரு சோதனை நடந்தது, வேறு பாக்டீரியாக் கலவை, அதே 12 வாரம். பலன் எதுவும் தெரியவில்லை. அதில் பெரும்பாலானவர்களுக்கு நோய் முற்றியிருந்தது, அதனால் பலனில்லாமல் போயிருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். சின்னச் சின்னச் சோதனைகள், ஆளுக்கொரு கலவை, ஒன்று ஆம் என்கிறது, ஒன்று இல்லை என்கிறது. இப்போதைக்கு நிலைமை இதுதான்.

இந்தத் துறையில் ஏமாற்றங்கள் நிறைய. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுத்த சோடியம் ஒலிகோமேனேட் என்ற மருந்து குடல் பாக்டீரியாவை மாற்றி அல்சைமரைத் தடுக்கும் என்று சொல்லி 2019-ல் சீனாவில் நிபந்தனையோடு அனுமதி வாங்கியது. பல நாடுகளில் தொடங்கிய பெரிய சோதனையை 2022-ல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். பார்க்கின்சனில் ஆரோக்கியமானவர்களின் மலத்தையே நோயாளிகளின் குடலுக்குள் செலுத்திப் பார்த்தார்கள், ஒரு கேப்சூலைவிடப் பல மடங்கு பெரிய மாற்றம் அது. 2024-ல் வந்த இரண்டு முடிவுகளில் பெல்ஜியத்தில் 46 பேரை வைத்துச் செய்தது ஒரு வருடத்துக்குப் பிறகு அசைவில் லேசான முன்னேற்றம் காட்டியது, ஃபின்லாந்தில் செய்தது பலனில்லை என்று முடிந்தது.

பியூட்டிரேட்டைத் தயாரிக்கும் பாக்டீரியா குறைந்திருக்கிறது என்று நானே மேலே எழுதினேன், அதற்காகப் பியூட்டிரேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டிவிட முடியாது. 2016-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் சார்கிஸ் மஸ்மானியன் குழுவினர் குடல் பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த பார்க்கின்சன் எலிகளுக்கு இந்தக் குறுங்கொழுப்பு அமிலங்களைக் கொடுத்தபோது அசைவுப் பிரச்சினை அதிகமானது. மனிதர்களில் மலத்தில் அவை குறைவாக இருக்கின்றன, எலியில் கொடுத்தால் கெடுக்கின்றன. இரண்டும் நம்பகமான முடிவுகள்தான், இன்னும் ஒன்றோடொன்று பொருந்தி வரவில்லை, அவ்வளவே.

ஆனால் மலச்சிக்கல் என்று வந்தால் கதை வேறு, அங்கே எனக்கு ப்ரோபயாடிக் மேல் மரியாதை உண்டு. மலேசியாவில் 72 பார்க்கின்சன் நோயாளிகளை வைத்துச் செய்த சோதனை 2021-ல் வந்தது, முறையாக வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டது. பல வகை பாக்டீரியா கலந்த கேப்சூலை 4 வாரம் எடுத்தவர்களுக்குத் தானாக மலம் போவது வாரத்துக்குச் சராசரியாக ஒரு முறை கூடியது, வெற்று மாத்திரைக் குழுவில் சற்றுக் குறைந்தது. வாரத்துக்கு ஒரு முறை என்பது கேட்க அற்பமாக இருக்கும், நாலு நாளுக்கு ஒரு முறை போகிறவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று செவ்வந்திக்குத் தெரியும். மூளைக்காக என்று வாங்காதீர்கள், வயிற்றுக்காக என்றால் முயன்று பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

மருந்துப்பெட்டி:

மருந்தாளுநராக இரண்டு மூன்று விஷயம் சேர்க்கிறேன், இங்கே யாரும் தொடவில்லை.

லெவோடோபா மூளைக்குள் போய்த்தான் டோபமைனாக மாறவேண்டும். வழியிலேயே மாறிவிட்டால் வீண், டோபமைனால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது. அதனால்தான் வழியில் மாறாமல் தடுக்கக் கார்பிடோபாவைச் சேர்க்கிறோம். ஆனால் கார்பிடோபா தடுப்பது மனித உடலின் நொதியை மட்டும்தான். குடலில் இருக்கும் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பாக்டீரியாவிடம் டைரோசின் டிகார்பாக்சிலேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, அது லெவோடோபாவைச் சிறுகுடலிலேயே டோபமைனாக மாற்றிவிடும், கார்பிடோபாவால் அதை நிறுத்த முடியாது. 2019-ல் இரண்டு தனித்தனிக் குழுக்கள் இதைக் காட்டின. லாக்டோபேசில்லஸ் பிரெவிஸிடமும் அதே நொதி உண்டு, காய்கறி புளிக்கும்போது சாதாரணமாக வளர்கிற பாக்டீரியா அது. கேப்சூலில் உள்ள பிரெவிஸ் உங்கள் அப்பாவின் மருந்தைத் தின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை, நோயாளிகளில் அப்படி யாரும் காட்டவில்லை. இருந்தாலும் கடையில் இரண்டு டப்பா இருந்து, ஒன்றில் பிரெவிஸோ என்டரோகாக்கஸோ இருந்தால், நான் மற்றதைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

ரசாஜிலின் எடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சாதாரண அளவில் எடுக்கிறவர்களுக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு பொதுவாகத் தேவையில்லை. ஆனால் நாள்பட்டுப் புளித்த சோயா, பழுக்கவைத்த பாலாடைக்கட்டி மாதிரிப் பொருட்களில் டைரமின் என்ற வேதிப்பொருள் மிக அதிகமாக இருக்கலாம், அதை ஒரேயடியாக நிறையச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் எகிறும். ப்ரோபயாடிக் கேப்சூலில் இந்தப் பிரச்சினை இல்லை, "கேப்சூல் வேண்டாம், இயற்கையாகப் புளித்த உணவே போதும்" என்று போகிறவர்கள்தான் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

லேபிளில் பாக்டீரியாவின் இனப்பெயரோடு, அந்த இனத்துக்குள் எந்த வகை என்று காட்டும் திரிபு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள், பிஎஸ்128 என்று மேலே சொன்னாரே அது மாதிரி. வெறுமனே "லாக்டோபேசில்லஸ் கலவை, 50 பில்லியன்" என்று இருந்தால் எந்த ஆய்வோடும் அதை ஒப்பிட வழியில்லை. அந்த எண்ணிக்கை தயாரித்த அன்றைக்கா, காலாவதி தேதி வரைக்குமா என்பதும் முக்கியம், உயிருள்ள பொருள், அலமாரியில் இருக்க இருக்கச் சாகும். எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், ரத்தக்குழாயில் நிரந்தரக் குழாய் வைத்திருப்பவர்கள், தீவிர சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி வந்தவர்களுக்கு ப்ரோபயாடிக் கொடுத்த சோதனையில் இறப்பு கூடியது, அந்த முடிவு 2008-ல் வெளியானது. தாவரத்திலிருந்து வந்தது என்பதற்காக எல்லோருக்கும் பாதுகாப்பு என்று ஆகிவிடாது.

செவ்வந்தி:

எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. டப்பாவை எடுத்துப் பார்த்தேன், திரிபு எண் எதுவும் இல்லை, ஓடு மட்டும்தான் தாவரம். மல்லி அக்கா, அப்பா காலை மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்தேதான் போடுகிறார், நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவே இல்லை. தண்ணீர் குடிக்கும்போது எப்போதாவது இருமுகிறார். இப்போது எதை முதலில் மாற்றுவது? எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கிவிடலாமா?

மல்லி:

ஒரே நாளில் வேண்டாம் செவ்வந்தி, எது உதவியது என்றே தெரியாமல் போய்விடும். முதலில் நரம்பியல் மருத்துவரிடம் பேசி மாத்திரை நேரத்தையும் மேக்ரோகாலையும் சரிசெய்யுங்கள். இருமல் விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள், விழுங்குதலைச் சோதிக்கும் சிகிச்சையாளரிடம் அனுப்புவார்கள், அதுவரை இசப்கோல் பக்கம் போகாதீர்கள். ஒரு நோட்டில் மாத்திரை போட்ட நேரம், கால் இலகுவான நேரம், சாப்பிட்ட நேரம், மலம் போன நாள் இவ்வளவையும் எழுதிவையுங்கள். மருத்துவர் நம்மிடம் பத்து நிமிடம்தான் பேசுவார், அந்த நோட்டைப் பார்த்தால் அவருக்கு எல்லாம் புரியும்.

இதெல்லாம் ஒரு நிலைக்கு வந்த பிறகும் வயிறு சரியாகவில்லை என்றால் அப்போது திரிபு எண் போட்ட, பால் கலக்காத ப்ரோபயாடிக் ஒன்றை மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். மலேசியச் சோதனை மாதிரி 4 வாரம், நடுவில் வேறு எதையும் மாற்றாமல். முதல் சில நாள் வாயு வரும், அது பயப்பட வேண்டியதில்லை. நோட்டில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். வயிறு திடீரென்று பெரிதாக உப்பி, வலியும் வாந்தியும் வந்து, வாயுகூடப் பிரியவில்லை என்றால் எதற்கும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், குடல் அடைத்துக்கொண்டிருக்கலாம்.

அப்பாவிடம் "மாத்திரையைக் குறைக்க முடியாது, ஆனால் அதை நன்றாக வேலை செய்யவைக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். அம்மாவிடம் நான் அப்படித்தான் சொன்னேன், ஏற்றுக்கொண்டார்.

அரசமரம்:

செவ்வந்தி, அந்த நோட்டு யோசனையை நானும் எடுத்துக்கொள்கிறேன், என் கணவருக்கும் மலச்சிக்கல் உண்டு, அது வந்தால் அன்றைக்குக் குழப்பமும் கோபமும் கூடிவிடும், வாயால் சொல்லத் தெரியாமல் தவிப்பார். ஆய்வகவாசி தம்பி, இன்னும் ஒன்று மட்டும். நார்ச்சத்து கொடுத்து உள்ளே இருக்கும் நல்ல பாக்டீரியாவையே வளர்க்க முடியாதா? கேப்சூலைவிட அது மேல் என்று தோன்றுகிறது.

ஆய்வகவாசி:

முடியும் அம்மா. கேப்சூலில் வரும் பாக்டீரியா பெரும்பாலும் குடலில் தங்குவதில்லை, நிறுத்தின சில நாளிலேயே மறைந்துவிடும். நார்ச்சத்து ஏற்கெனவே அங்கே குடியிருப்பதை வளர்க்கும். ஷிகாகோவில் 20 பார்க்கின்சன் நோயாளிகளுக்கு 10 நாள் நார்ச்சத்துக் கலவை கொடுத்துப் பார்த்தார்கள், 2023-ல் முடிவு வந்தது, குறுங்கொழுப்பு அமிலம் தயாரிக்கும் பாக்டீரியாக்கள் கூடின, எல்லோரும் தாங்கிக்கொண்டார்கள். அதிலும் வெற்றுக் குழு இல்லை, நாளும் குறைவு. மேலே நான் சொன்ன எலி முடிவும் மனதில் இருக்கட்டும், அதனால் இதையும் மூளைக்கு மருந்து என்று சொல்லமாட்டேன். பல வகைக் காய்கறி, பருப்பு, முழுத்தானியம் என்று மெதுவாகக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடவே கூடவேண்டும். உங்கள் கணவர் லெவோடோபா எடுக்கவில்லை என்றால் புரத நேரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், செவ்வந்தி மட்டும் பருப்பு அதிகமுள்ள சாப்பாட்டை மாத்திரை நேரத்திலிருந்து தள்ளிவையுங்கள்.